செலவு என்பது யாருடைய பெயர்?
அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு விவாதம்: ஒரு தலித் வாசிப்பு

அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுச் சண்டை பற்றித் தமிழில் நான் படித்தவை இரண்டு வகை. ஒன்று இடதுசாரித் தோழர்கள் எழுதுவது. காப்பீட்டுக் கம்பெனிகளின் கொள்ளை, மருந்துக் கம்பெனிகளின் லாபவெறி, முதலாளியத்தின் நெருக்கடி என்று அது போகும். மற்றது பொருளாதாரம் படித்தவர்கள் எழுதுவது. எவ்வளவு செலவு, எவ்வளவு பற்றாக்குறை, தலைக்கு எத்தனை டாலர் என்று கணக்குப் போடும். இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் இரண்டிலும் ஒரு ஆளைக் காணோம். கறுப்பரைக் காணோம். சாதி என்ற சொல் ஓரிடத்தில்கூட வராமல் தஞ்சாவூர் விவசாயத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுத முடிகிற நாட்டில் இது ஆச்சரியமில்லைதான்.

தமிழ் எம்.ஏ. படித்த ஆளுக்குக் காப்பீட்டுக் கணக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். கணக்கு எனக்கு வராது. சொல்லை வாசிக்க வரும். அந்த விவாதத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வருகிற சொல் 'செலவு'. 'நல்ல யோசனைதான், ஆனா யாரு காசு குடுக்கிறது?' என்கிற கேள்வி. கேட்பதற்கு நியாயமான கேள்வி, வீட்டுக்காரம்மா கேட்பதுபோல. இந்தச் சொல் எந்த இடத்தில் வருகிறது, எந்த இடத்தில் வராமல் ஒளிந்துகொள்கிறது என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1

1881இல் ப்ருடென்ஷியல் என்கிற ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஒரு முடிவெடுத்தது. கறுப்பர் கட்டும் பிரீமியம் வெள்ளையர் கட்டும் அதே பிரீமியம்தான். ஆனால் கறுப்பர் செத்தால் குடும்பத்துக்குக் கொடுக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவது. 1884இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பின்னாலேயே வேறு சில மாநிலங்களும் தடுத்தன. இனி வெறும் வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விஞ்ஞானம் வேண்டும்.

விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தவர் ஃப்ரெடெரிக் ஹாஃப்மன். ஜெர்மனியில் பிறந்தவர், அதே கம்பெனியின் புள்ளிவிவர நிபுணர். 1896இல் அமெரிக்க நீக்ரோவின் இனக்கூறுகளும் போக்குகளும் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அமெரிக்கப் பொருளாதார சங்கமே அதை வெளியிட்டது. பக்கம் பக்கமாகச் சாவுக்கணக்கு. காசநோயில் இவ்வளவு, குழந்தைச் சாவு இவ்வளவு. கடைசியில் தீர்ப்பு: இது வாழ்நிலையால் வந்ததில்லை, இவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, இந்த இனம் அழிந்துகொண்டிருக்கிறது, ஆகவே காப்பீடு செய்யத் தகுதியற்றது. நம் ஊரில் கர்மவினை என்று சொல்வதை அங்கே அட்டவணை போட்டுச் சொன்னார்கள்.

அடுத்த வருஷமே, 1897இல், டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் அந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதினார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது. பெர்லினில் படித்துத் திரும்பியிருந்தார். அவர் செய்தது எளிமையான காரியம். இதே அளவு சாவு விகிதம் ஐரோப்பிய நகரங்களின் வெள்ளையர்களிடமும் இருக்கிறதே, ஹாஃப்மன் பிறந்த ஜெர்மனியின் நகரங்களிலும் இருந்திருக்கிறதே, அவர்களும் அழிகிற இனமா என்று கேட்டார். எண்ணை எண்ணால் அடித்தார். ஒரு மதிப்புரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் இதைத்தான் உதாரணம் சொல்வேன். ஆனாலும் கம்பெனிகள் மதித்தது ஹாஃப்மனைத்தான்.

கதை இங்கே முடியவில்லை. 1915ஐ ஒட்டி, தொழிலாளர்களுக்குக் கட்டாய மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று அமெரிக்காவில் முதல்முறையாக ஒரு சட்ட வரைவு வந்தது. அதை எதிர்த்துப் பிரசுரங்கள் எழுதித் தள்ளியவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? இதே ஹாஃப்மன். 'கறுப்பரைக் காப்பீட்டில் சேர்க்காதே' என்று எழுதிய கைதான் 'எல்லாரையும் சேர்க்கும் காப்பீடே வேண்டாம்' என்றும் எழுதியது. இரண்டும் தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் வந்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

2

1935இல் ரூஸ்வெல்ட் ஆட்சி சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்புக்குப் பயந்து மருத்துவக் காப்பீட்டை அதில் சேர்க்கவே இல்லை. முதியோர் ஓய்வூதியத்திலும் வேலையில்லாக் கால உதவியிலும் இரண்டு கூட்டத்தாரை வெளியே நிறுத்தினார்கள். ஒன்று விவசாயக் கூலிகள், மற்றது வீட்டுவேலை செய்பவர்கள். சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் அன்றைக்குக் கறுப்பு உழைப்பாளிகளில் பெரும்பான்மையோர் செய்தது இந்த இரண்டு வேலையும்தான். பெயரைச் சொல்லாமலே ஒரு சமூகத்தை வெளியே தள்ள முடியும் என்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1945இல் ட்ரூமன் தேசிய மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றார். அமெரிக்க மருத்துவர் சங்கம் உறுப்பினர் தலைக்கு 25 டாலர் வசூல் பண்ணி, விளம்பரக் கம்பெனியை அமர்த்தி, 'சோஷலிச வைத்தியம்' என்று ஊரெல்லாம் பயமுறுத்தியது. அந்தச் சங்கத்தின் தென்பகுதிக் கிளைகள் கறுப்பு டாக்டர்களை உறுப்பினராகவே சேர்த்ததில்லை. அதனால்தான் கறுப்பு டாக்டர்கள் 1895லேயே தங்களுக்கென்று தேசிய மருத்துவர் சங்கம் என்று தனியே கட்டிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் அமெரிக்க மருத்துவர் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

ட்ரூமன் திட்டத்தில் காங்கிரஸ் விட்டுவைத்தது ஆஸ்பத்திரி கட்டுவதற்கான பணத்தை மட்டும். அது 1946இல் ஹில்-பர்ட்டன் சட்டம் ஆனது. ஹில் என்பவர் அலபாமா செனட்டர். அரசுப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டலாம், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம், 'சமமாக' இருந்தால் போதும் என்று அதில் எழுதிவைத்தார்கள்.

விழுப்புரம் பக்கம் ஒரு படிப்புவட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா கேட்டார்: "அப்ப அங்கயும் ஊரு ஆஸ்பத்திரி, காலனி ஆஸ்பத்திரின்னு ரெண்டா? ரெண்டுக்கும் சர்க்கார் காசா?" ஆமாம் அக்கா, ரெண்டுக்கும் சர்க்கார் காசுதான். "அப்ப செலவு ரெண்டு மடங்கு ஆயிருக்குமே. அத யாரும் கேக்கலியா?"

நான் படித்த எந்தப் பொருளாதாரக் கட்டுரையும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு வார்டு, இரண்டு வாசல், சில இடங்களில் இரண்டு கட்டிடம். பிரித்துவைக்க ஆகிற செலவு யாருக்கும் செலவாகத் தெரியவில்லை. சேர்த்துவைக்க ஆகிற செலவுதான் கண்ணை உறுத்தியது.

3

இந்த விவாதத்தில் முக்கியமான வருஷம் எதுவென்று கேட்டால் பலரும் ஒபாமாவின் 2010 என்பார்கள். நான் 1966 என்பேன்.

1963இல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்புப் பல் மருத்துவரும் அவரது தோழர்களும் போட்ட வழக்கில், அரசுப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரி நிறம் பார்த்து ஒதுக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. ஒன்றிய அரசின் பணம் பெறும் எந்த இடத்திலும் இன ஒதுக்கல் கூடாது என்றது. 1965இல் ஜான்சன் மெடிகேரில் கையெழுத்துப் போட்டார். அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு அரசே மருத்துவக் காப்பீடு. 1966 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது.

இந்த மூன்றும் ஓரிடத்தில் சந்தித்தன. மெடிகேர் பணம் வேண்டுமா? வார்டைப் பிரித்து வைக்காதே. ரத்தத்தைக் கறுப்பு ரத்தம், வெள்ளை ரத்தம் என்று லேபிள் ஒட்டாதே. கறுப்பு டாக்டரை உள்ளே விடு. ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போனார்கள். அவர்கள் வரும் நாளில் மட்டும் கட்டிலை மாற்றிப்போட்டு ஏமாற்றப் பார்த்த ஆஸ்பத்திரிகள் உண்டு. அங்கே வேலை பார்த்த கறுப்புத் தொழிலாளர்கள் ரகசியமாகத் தகவல் கொடுத்துக் காட்டிக்கொடுத்தார்கள். சில மாதங்களுக்குள் நாட்டின் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் பலகைகள் கழன்றன. எத்தனையோ உயிர்களும் ஊர்வலங்களும் வழக்குகளும் தள்ளித் தள்ளிப் பார்த்த கதவைக் கடைசியில் திறந்தது ஒரு காப்பீட்டுத் திட்டத்தின் காசோலை.

இங்கேதான் 'செலவு' என்ற சொல்லின் உள்ளர்த்தம் எனக்குப் புரிந்தது. அரசுப் பணம் தனியாக வருவதில்லை, சட்டத்தையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும். தென்பகுதி அரசியல்வாதிகளுக்கு இது முன்பே தெரியும். அவர்கள் பயந்தது காசு போய்விடும் என்று மட்டுமில்லை. காசோடு ஆய்வாளர் வருவான், வாசலை எண்ணுவான் என்றுதான். அதை வெளியே சொல்ல முடியாத காலம் வந்தபோது 'செலவு' என்று சொன்னார்கள், 'மாநில உரிமை' என்று சொன்னார்கள்.

அதே 1965இல் ஏழைகளுக்கென்று மெடிக்கெய்டும் வந்தது. முதியோர் திட்டம் முழுக்க ஒன்றிய அரசின் கையில். ஏழைகள் திட்டத்தை நடத்துவது மாநிலங்களின் கையில். இந்தப் பிரிவினையின் விலை 47 வருஷம் கழித்துத் தெரிந்தது.

4

எழுபதுகளில் இந்த விவாதத்துக்குள் ஒரு கதாபாத்திரம் நுழைந்தது. 1976 தேர்தல் பிரச்சாரத்தில் ரொனால்ட் ரீகன் ஊர் ஊராகச் சொன்ன கதை அது. சிகாகோவில் ஒரு பெண், பல பெயர்கள், பல முகவரிகள், அரசு உதவியை ஏமாற்றி வாங்கிச் சொகுசாக வாழ்கிறாள். கேட்டவர்களுக்கு அவள் என்ன நிறம் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'வெல்ஃபேர் ராணி' என்று அவளுக்குப் பெயர் நிலைத்தது. 1961இல் மெடிகேரை எதிர்த்து மருத்துவர் சங்கத்துக்காக கிராமபோன் தட்டில் பேசிக்கொடுத்த அதே ரீகன்தான்.

ஒரு ஏமாற்றுக்காரியின் கதையை ஒரு சமூகத்தின் முகமாக மாற்றுவது எவ்வளவு வலிமையான கதைசொல்லல் என்று பாருங்கள். டென்னசியில் மனநல மருத்துவராக இருக்கும் ஜொனாதன் மெட்ஸல் 2019இல் வெளியிட்ட புத்தகத்தில், ஈரல் கெட்டு, காசில்லாமல் செத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளை ஏழையைப் பற்றி எழுதுகிறார். தனக்கே உயிர்கொடுத்திருக்கக்கூடிய காப்பீட்டை அந்த மனிதர் ஆதரிக்கவில்லை. தன் வரிப்பணம் மெக்சிகோக்காரருக்கும் வெல்ஃபேர் ராணிகளுக்கும் போய்விடக்கூடாதாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மேடையில் சொன்ன கதை ஒருவனுக்கு மருந்து கிடைக்காமல் செய்கிறது. இத்தனைக்கும் மெடிக்கெய்டில் இருப்பவர்களில் எண்ணிக்கையில் அதிகம் வெள்ளையர்தான். இடஒதுக்கீட்டைத் திட்டிக்கொண்டே அதன் பயனில் படித்த பிற்படுத்தப்பட்ட நண்பர்களைப் பார்த்திருக்கிற நமக்கு இந்த மனநிலை புதிதில்லை. தனக்குக் கிடைக்காவிட்டாலும் சரி, கீழே இருப்பவனுக்குக் கிடைக்கக்கூடாது.

2010 மார்ச்சில் ஒபாமாவின் சட்டம் வந்தது. அதற்கு ஆறு மாதம் முன்னால், செப்டம்பர் 9, 2009இல், அவர் நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்தபோது தென் கரோலினா உறுப்பினர் ஜோ வில்சன் "நீ பொய் சொல்கிறாய்" என்று கத்தினார். ஆவணமில்லாத குடியேறிகளுக்கு இதில் காப்பீடு கிடையாது என்று ஒபாமா சொன்னதற்குத்தான் அந்தக் கூச்சல். அதாவது, 'யாரைச் சேர்க்க மாட்டோம்' என்று உறுதி கொடுத்தும் நம்பவில்லை. சட்டம் கடைசியில் அவர்களைச் சேர்க்கவும் இல்லை.

இனி எண்களைப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு 94,000 கோடி டாலர் செலவு என்பது தலைப்புச் செய்தி ஆனது. அதே நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம், புது வரிகளையும் மிச்சங்களையும் சேர்த்துப் பார்த்தால் சட்டம் பற்றாக்குறையை 14,300 கோடி டாலர் குறைக்கும் என்று சொன்னது. அது தலைப்பு ஆகவில்லை. இன்னொரு எண்ணும் உண்டு. முதலாளி மூலம் காப்பீடு பெறும் உத்தியோகஸ்தர்களின் காப்பீட்டுத் தொகைக்கு வரி கிடையாது. இதில் அரசு விட்டுக்கொடுப்பது ஆண்டுக்கு 20,000 கோடி டாலருக்கும் மேல். நல்ல உத்தியோகம், நல்ல சம்பளம் உள்ளவனுக்குத்தான் அதில் அதிக லாபம். இதை யாரும் 'செலவு' என்று சொல்வதில்லை, அதற்குப் பெயர் 'சலுகை'கூட இல்லை. பெயரே இல்லாமல் நடக்கிறது. ஏழைக்குக் கொடுத்தால் செலவு, இருப்பவனுக்கு விட்டுக்கொடுத்தால் இயல்பு.

2012 ஜூன் 28இல் உச்சநீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றியது. ஆனால் மெடிக்கெய்டை விரிவாக்க மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னது. விரிவாக்கச் செலவை முதல் மூன்று வருஷம் முழுக்க ஒன்றிய அரசே ஏற்கும், 2020 முதல் நூற்றுக்குத் தொண்ணூறு ஏற்கும். அதையும் வேண்டாம் என்றன சில மாநிலங்கள். 2025இலும் பத்து மாநிலங்கள் வேண்டாம் என்றே நின்றன. அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா, தென் கரோலினா, டென்னசி, டெக்சாஸ், ஃப்ளோரிடா. மற்ற மூன்று கன்சாஸ், விஸ்கான்சின், வயோமிங். முதல் ஏழும் தெற்கு. ஹில்-பர்ட்டன் சட்டத்தின் ஹில் வந்த அலபாமாவும், கத்தியவர் வந்த தென் கரோலினாவும் அதில் உண்டு.

இதன் விளைவு விசித்திரமானது. ஓரளவு சம்பாதிப்பவர் மானியத்தோடு காப்பீடு வாங்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு மெடிக்கெய்ட் இருக்கும் என்று நினைத்து அவருக்கு மானியம் எழுதவே இல்லை. மாநிலம் மெடிக்கெய்டை மறுத்ததும் அவர் இரண்டுக்கும் நடுவில் விழுந்தார். மானியம் பெற முடியாத அளவுக்கு ஏழை. இப்படி நடுவில் விழுந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் கறுப்பரின் பங்கு மக்கள்தொகையில் அவர்கள் பங்கைவிட அதிகம். பத்து ரூபாய் வேலைக்கு ஒன்பது ரூபாய் அடுத்தவன் தருகிறேன் என்று சொன்னபிறகும் 'செலவு' என்பவனிடம் காசு பிரச்சினை என்று இனியும் நம்பலாமா?

5

எதிரியைத் திட்டிவிட்டு நிறுத்துவது விமர்சனம் ஆகாது. சீர்திருத்தக்காரர்களையும் வாசிக்க வேண்டும்.

ஒபாமா அதே 2009 உரையில் பற்றாக்குறையில் ஒரு காசு கூட்டும் திட்டத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். செலவு வளைகோட்டைக் கீழே வளைப்போம் என்பது அவர்கள் தரப்பின் மந்திரமாக இருந்தது. உயிரைக் காப்பாற்றுவது உரிமை என்று தொடங்கவேண்டிய வாக்கியத்தை, 'கவலைப்படாதீர்கள், மலிவுதான்' என்று தொடங்கினார்கள். எதிரியின் அகராதியில் சொல் எடுத்து எதிரியை வெல்ல முடியாது. 2010இல் நாலரைக் கோடிக்கும் மேலிருந்த காப்பீடில்லாதவர் எண்ணிக்கை 2023இல் சுமார் 2 கோடியே 60 லட்சமாகக் குறைந்தது. அது சின்னச் சாதனை இல்லை. ஆனால் அந்தச் சாதனையைக் காப்பாற்றும் மொழி அவர்களிடம் இல்லை.

இல்லை என்பது 2025இல் தெரிந்தது. அந்த ஜூலை 4இல் ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டம் பத்து வருஷத்தில் மெடிக்கெய்டில் சுமார் 90,000 கோடி டாலரை வெட்டுகிறது. மெடிக்கெய்ட் வேண்டுமென்றால் மாதம் 80 மணி நேரம் வேலை பார்த்ததை நிரூபிக்க வேண்டும் என்று நிபந்தனை. 2034க்குள் ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இழப்பார்கள் என்று வரவுசெலவு அலுவலகம் கணித்தது. சரி, செலவைக் குறைத்துவிட்டார்களா? அதே சட்டம் வரிக்குறைப்பால் பற்றாக்குறையை 3,40,000 கோடி டாலர் கூட்டும் என்றும் அதே அலுவலகம் சொன்னது. இருபது வருஷமாகச் செலவு செலவு என்று கத்திய வாய்கள் அன்றைக்கு மூடிக்கொண்டன.

வேலை நிபந்தனைக்கு முன்னோட்டமும் நடந்திருக்கிறது. 2018இல் ஆர்கன்சாவில் சில மாதங்களில் 18,000 பேர் காப்பீடு இழந்தபின் நீதிமன்றம் நிறுத்தியது. 2023 முதல் ஜார்ஜியாவில் நடக்கும் திட்டத்தில், சிகிச்சைக்குப் போனதைவிட நிர்வாகத்துக்குப் போனதே அதிகம் என்று ஒன்றிய அரசின் தணிக்கை அமைப்பு 2025இல் சொன்னது. ஏழை உழைக்கிறானா என்று வேவு பார்க்க ஆகிற செலவு செலவில் வராது. அக்கா கேட்ட கேள்விதான் மறுபடியும்.

கறுப்பர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1970இலிருந்து கருஞ்சிறுத்தைகள் தங்கள் கிளைகள்தோறும் இலவச மருத்துவ நிலையம் நடத்த முயன்றார்கள். வெள்ளை மருத்துவம் கண்டுகொள்ளாத அரிவாள் செல் சோகைக்கு வீடு வீடாகப் பரிசோதனை செய்தார்கள். 1972இல் திருத்திய தங்கள் பத்து அம்சத் திட்டத்தில் ஒடுக்கப்பட்டோர் எல்லோருக்கும் இலவச மருத்துவத்தைக் கோரிக்கையாக எழுதினார்கள். அதில் 'செலவு' என்ற பேச்சே இல்லை. பம்பாயில் நம் தோழர்கள் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டதும் அதே 1972இல்தான். பெயரை எடுத்துக்கொண்டோம். மருத்துவ நிலையத்தை எடுத்துக்கொண்டோமா?

6

ஹாஃப்மனுக்குப் பதில் எழுதிய டு பாய்ஸுக்கு 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. அந்த வருஷம்வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1944இல், ஆலைத் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றிய அடார்கர் அறிக்கை வந்தது. அதிலிருந்து 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது. விவசாயக் கூலி வெளியே நின்றார். வீட்டுவேலைக்காரப் பெண் வெளியே நின்றார். 1935இன் அமெரிக்கச் சட்டத்துக்கு வெளியே நின்ற அதே இருவர். இங்கே அவர்கள் எந்தச் சாதி என்று எழுதவேண்டிய அவசியமில்லை.

அம்பேத்கர் 1947இல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் காப்பீட்டுத் தொழில் முழுக்க அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும், வயதுவந்த ஒவ்வொருவரும் கூலிக்கு ஏற்ப ஆயுள் காப்பீடு எடுப்பது கட்டாயமாக இருக்க வேண்டும் என்று கேட்டார். அதை அரசியல் சட்டத்திலேயே எழுதச் சொன்னார். எழுதவில்லை.

இன்றைக்கு நம்மிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 2009இலிருந்து தமிழக அரசின் திட்டம், 2018இலிருந்து ஒன்றிய அரசின் திட்டம். உயிர்கள் பிழைத்திருக்கின்றன, மறுக்கவில்லை. அரசுப் பணம் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. 1966ஐப் படித்தபின் எனக்கு ஒரு கேள்விதான்: பணத்தோடு சட்டம் போகிறதா? எத்தனை படுக்கை, என்ன கருவி என்று கேட்டுத்தான் ஆஸ்பத்திரியைத் திட்டத்தில் சேர்க்கிறார்கள். அங்கே எத்தனை தலித் டாக்டர், எத்தனை தலித் நர்ஸ் என்று கேட்பதில்லை. தனியார் ஆஸ்பத்திரி வேலையில் இடஒதுக்கீடு கிடையாது. கூட்டிப் பெருக்குகிறவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை எங்கள் காலனிப் பெரியவர் ஒருவரோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்மேசைப் பெண் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்: "கார்டு கேஸ் ஒண்ணு வந்திருக்கு." பெரியவருக்கு எழுபது வயது. அவர் பெயர் அட்டையிலேயே இருந்தது.

செலவைப் பற்றி அவர்கள் பேசட்டும். நாம் பேச வேண்டியது வாசலைப் பற்றி. நம் வரிப்பணத்தில் ஒரு ரூபாய் வாங்குகிற எந்த ஆஸ்பத்திரியும் யாரை வேலைக்கு வைத்திருக்கிறது, யாரை எந்த வார்டில் போடுகிறது, யாரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று கணக்குக் காட்டட்டும். டு பாய்ஸ் செய்த மாதிரி, அந்தக் கணக்கை வாங்கி வாசிக்க நம்மிடம் ஆள் இருக்கிறார்கள்.